நமது ஆலைகளில் தீயணைப்புக் குழாய்கள்: பார்வையும் பரிசோதனையும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஆய்வு செய்யுங்கால் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. ரொக்கப் புத்தகத்தில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பது ஒன்று. பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டுவிட்டால் அது ஆய்வு ஆகாது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். புத்தகத்தில் உள்ள தொகை பெட்டியிலும் இருக்க வேண்டும் அன்றோ?

நமது நூற்பாலைகளிலும், பஞ்சு அரவைச் சாலைகளிலும், பெருங்கிடங்குகளிலும் சிவப்பு வர்ணம் பூசி நிறுத்தப்பட்டிருக்கும் தீயணைப்புக் குழாய்களுக்கும் இவ்விதி பொருந்தும். தூண் நிற்கிறது, வர்ணம் புதிதாக இருக்கிறது, பெட்டியில் கித்தான் குழாய் இருக்கிறது என்று குறித்துக்கொள்வது ஏட்டைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். திறந்தால் நீர் வருகிறதா, வேண்டிய அளவில் வருகிறதா, வேண்டிய விசையோடு வருகிறதா என்று பார்ப்பதே பெட்டியைத் திறந்து எண்ணுவதாகும். முன்னது பெரும்பாலும் நடைபெறுகிறது. பின்னது பல இடங்களில் நடைபெறுவதில்லை. ஆதலின் இவ்விரண்டையும் எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஹைட்ரண்ட் என்பது யாது?

ஆலையின் வளாகத்தில் பூமிக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய் கட்டடங்களைச் சுற்றிச் செல்கிறது. அதிலிருந்து ஆங்காங்கே தூண்போல் மேலெழும் குழாயும், அதன் தலையில் உள்ள வால்வும், 63 மில்லிமீட்டர் வாயும் சேர்ந்ததே ஹைட்ரண்ட். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இவ்வாய் அமைந்திருக்கும். அபாயத்தின் அளவுக்கேற்பக் கட்டடத்தின் வெளிச்சுவர் நெடுக 30 முதல் 60 மீட்டருக்கு ஒன்று வீதம் இவை நிறுவப்படுகின்றன. அருகில் உள்ள பெட்டியில் 15 மீட்டர் நீளமுள்ள கித்தான் அல்லது ரப்பர் பூசிய குழாய்களும், நாசில் பொருத்திய பிராஞ்சு பைப்பும் வைக்கப்பட்டிருக்கும். நிலத்தொட்டியிலிருந்து பம்புகள் நீரை எடுத்து இக்குழாய்களில் அழுத்தத்தோடு நிறுத்தி வைக்கின்றன. இத்தகைய வெளிப்புற அமைப்புகளை நிறுவவும் பராமரிக்கவும் இந்தியத் தர அமைவனம் 13039 என்னும் எண்ணுள்ள விதிமுறையை வகுத்துள்ளது.

பொறுப்பு யாருடையது?

தெருவில் உள்ள குழாயைப் பொது அமைப்புகள் கவனித்துக்கொள்ளும். நமது மதிற்சுவருக்கு உள்ளே உள்ள குழாயோ நம்முடையது. தறியும் கதிரும் பஞ்சுப் பொதியும் எவ்வாறு சங்கத்தின் சொத்தோ, அவ்வாறே ஹைட்ரண்டும் சங்கத்தின் சொத்து. அதனைக் காலந்தோறும் திறந்து பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்று காத்திருத்தல் தகாது.

தீயணைப்புப் படையினர் வருவார்கள் அல்லவா என்று சிலர் வினவலாம். வருவார்கள், ஆனால் அவர்கள் கொண்டுவரும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. சாதாரணமாக ஒரு தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் நீர் இருக்கும். 20 மில்லிமீட்டர் நாசில் ஒன்று உரிய அழுத்தத்தில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 500 லிட்டர் நீரை வெளியேற்றுகிறது. அப்படியானால் வண்டியின் நீர் ஒன்பது நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகு அவ்வீரர்கள் நம்பியிருப்பது நமது தொட்டியையும் நமது ஹைட்ரண்டையுமே.

நம்மிடம் உள்ள பொருளின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பேல் பஞ்சின் எடை 170 கிலோ. 500 பேல்கள் அடுக்கிய கிடங்கு ஒன்றில் 85,000 கிலோ பஞ்சு இருக்கிறது. பஞ்சின் மேற்பரப்பில் தீ நொடிப்பொழுதில் பரவும். பின்னர்ப் பொதியின் உள்ளே புகுந்து கனன்றுகொண்டிருக்கும். வெளியே அணைந்ததுபோல் தோன்றிய பொதி நெடுநேரம் கழிந்த பின்னரும் மீண்டும் பற்றிக்கொள்ளும். ஆகவே பஞ்சுத் தீக்கு நீர் சில நிமிடங்களுக்கு அன்று, பல மணி நேரம் வேண்டும். அப்பொதிகள் விவசாயி ஒருவரின் ஓராண்டு உழைப்பு. அவற்றிலிருந்து வரும் நூல் நெசவாளர் ஒருவரின் அடுத்த மாதக் கூலி. யாவற்றிற்கும் மேலாக, உள்ளே வேலை செய்வோரின் உயிர் இருக்கிறது.

1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்னும் ஆடை தைக்கும் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். பூட்டிக் கிடந்த கதவே அவ்விபத்தில் பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் தீ எழுந்த தளத்தில் குழாயை எடுத்து அணைக்க முயன்றவர்கள் இருந்தனர் என்பதும், அக்குழாயில் நீர் வரவில்லை என்பதும் நம் கவனத்திற்கு உரியவை. குழாய் இருந்தது, நீர் இல்லை. ஏட்டில் இருப்பு இருந்தது. பெட்டி காலியாக இருந்தது.

மாதந்தோறும் பார்வை

ஹைட்ரண்டுகளுக்கு வரிசை எண் இட்டு, வளாகத்தின் வரைபடம் ஒன்றில் அவற்றைக் குறித்துக்கொள்ளல் முதல் வேலை. பின்னர் மாதம் ஒரு முறை பொறுப்பாளர் ஒருவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் அருகிலும் சென்று பின்வருவனவற்றைப் பார்த்தல் வேண்டும்.

ஹைட்ரண்டை அணுக வழி இருக்கிறதா? பொதிகள், கழிவுப் பஞ்சு மூட்டைகள், வண்டிகள், முட்புதர் ஆகியவை மறைக்கின்றனவா? வால்வின் சக்கரம் கையால் திரும்புகிறதா? வாயின் மூடியும் சங்கிலியும் உள்ளனவா? மூடியைக் கழற்றினால் உள்ளே ரப்பர் வாஷர் நல்ல நிலையில் இருக்கிறதா? கல்லோ குப்பையோ குளவிக் கூடோ அடைத்திருக்கிறதா? நீர் கசிகிறதா? பெட்டியில் குழாய்களும் பிராஞ்சு பைப்பும் எண்ணிக்கை குறையாமல் உள்ளனவா?

இறுதியாகச் சொன்னதை எளிதாக எண்ணுதல் கூடாது. நாசிலும் இணைப்புகளும் பித்தளை, வெண்கலம் போன்ற உலோகங்களால் ஆனவை, விலை போகக்கூடியவை. அவை காணாமற்போவது உண்டு. பெட்டியைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் மாட்டி வைப்பது இதற்குப் பரிகாரம் ஆகாது. இரவு இரண்டு மணிக்கு அச்சாவியைத் தேடுபவர் யார்? உடைக்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் சாவியைப் பெட்டியிலேயே வைத்தல் நலம்.

கித்தான் குழாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். மடிப்பு ஒரே இடத்தில் நெடுங்காலம் இருந்தால் அவ்விடத்தில் வெடிக்கும். எனவே குழாயை அவ்வப்போது விரித்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றிச் சுருட்டுதல் வேண்டும்.

தொட்டியும் பம்பும்

தொட்டியில் தீயணைப்புக்கென ஒதுக்கிய நீர், வேறு எப்பணிக்கும் எடுக்க முடியாதவாறு இருத்தல் வேண்டும். பொது உபயோகப் பம்பின் உறிஞ்சு குழாயைத் தொட்டியின் அடிமட்டம் வரை விடாமல், ஒதுக்கிய நீரின் மட்டத்திற்கு மேலேயே நிறுத்திவிட்டால் இது தானே நிறைவேறும். ஒரு லட்சம் லிட்டர் நீர் இருந்தால் இரண்டு நாசில்களுக்கு 100 நிமிடம் போதும். கோடையில் அதில் பாதியைத் தோட்டத்திற்கும் குடியிருப்புக்கும் எடுத்துவிட்டால் எஞ்சுவது 50 நிமிடமே.

பம்புகள் பொதுவாக மூன்று இருக்கும். ஜாக்கி பம்பு எனப்படும் சிறிய பம்பு, குழாயில் சிறு கசிவுகளால் குறையும் அழுத்தத்தை ஈடு செய்கிறது. ஹைட்ரண்ட் திறக்கப்பட்டு அழுத்தம் மேலும் குறையுமானால் பெரிய மின்சாரப் பம்பு தானே ஓடத் தொடங்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது டீசல் பம்பு அவ்வேலையைச் செய்ய வேண்டும். தீ விபத்தின்போது முதலில் துண்டிக்கப்படுவது பெரும்பாலும் மின்சாரமே ஆதலால் டீசல் எஞ்சினுக்கு முக்கியத்துவம் மிகுதி. அதனை வாரம் ஒரு முறை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். பாட்டரியில் சக்தி இருக்கிறதா, டீசல் இருக்கிறதா, எஞ்சின் சூடேறாமல் ஓடுகிறதா என்பன அப்போது வெளிப்படும். ஜாக்கி பம்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால், பூமிக்கடியில் எங்கோ பெருங்கசிவு இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆண்டுதோறும் ஓட்டப் பரிசோதனை

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பம்பு அறையில் உள்ள அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்று காட்டுகிறது. இதைக் கண்டு எல்லாம் சரியாக உள்ளது என்று திருப்தி அடைவோர் பலர். இத்திருப்தி தவறானது. ஏன் என்பதை விவசாய அங்கத்தினர்கள் எளிதில் உணர்வர்.

ஒரு வாய்க்கால் நடுவழியில் தூர்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைமடையை மூடி வைத்தால், சிறிது சிறிதாகக் கசிந்து வரும் நீர் நாளடைவில் கடைமடையிலும் தலைமடையின் மட்டத்திற்கு நின்றுவிடும். பார்ப்பவர் வாய்க்கால் நிறைந்திருக்கிறது என்பர். மடையைத் திறந்தால்தான் உண்மை தெரியும். தேங்கிய நீர் ஓடியதும் வயலுக்கு நீர் வராது. ஹைட்ரண்ட் குழாயிலும் நிகழ்வது இதுவே. நடுவில் ஒரு வால்வு முக்கால் பங்கு மூடியிருந்தாலும், நீர் ஓடாமல் நிற்கும் வரை கடைசி ஹைட்ரண்டில் அழுத்தம் முழுமையாகவே காட்டும். நீர் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் வீழ்ந்துவிடும். நின்ற நீரின் அழுத்தம் ஏட்டிருப்பு. ஓடும் நீரின் அழுத்தமே கையிருப்பு.

ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு ஹைட்ரண்டையும் முழுவதும் திறந்து நீரை ஓடவிட்டுச் சோதித்தல் வேண்டும். அதன் முறை வருமாறு:

ஹைட்ரண்டின் வாய்க்கும் குழாய்க்கும் இடையே அழுத்தமானி பொருத்திய சிறு இணைப்புத் துண்டு ஒன்றை மாட்டுக. குழாயை வளைவின்றி நேராக விரித்து, நாசிலைத் திறந்த வெளியை நோக்கிப் பிடிக்கச் செய்க. முதலில் நாசிலை மூடி வைத்து வால்வைத் திறந்து, நின்ற நீரின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்க. மூடும் வசதி நாசிலில் இல்லாவிடில், குழாயை மாட்டுவதற்கு முன் இணைப்புத் துண்டின் மறுமுனையை மூடியால் அடைத்து இதனைக் குறிக்கலாம். பின்னர் நீரை ஓடவிடுக. முதலில் துரு கலந்த செந்நீர் வரும். அது தெளியும் வரையிலும், அதன் மேல் ஒரு நிமிடத்திற்குக் குறையாமலும் ஓடவிட்டு, ஓடும் நீரின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்க. பெரிய பம்பு தானே ஓடத் தொடங்கியதா, எத்தனை நொடியில் என்பதையும் பம்பு அறையில் நிற்பவர் குறித்துக்கொள்க.

பம்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஹைட்ரண்டே நமது கடைமடை. அங்குப் பெறும் அளவே யாவற்றிலும் முக்கியமானது. சாதாரண அபாயமுள்ள இடங்களில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ என்பது வழக்கமான குறைந்தபட்ச அளவு; அபாயம் மிகுந்த இடங்களுக்கு இதனினும் மிகுதியாக விதிக்கப்படும். நமது ஆலைக்கு விதிக்கப்பட்ட அளவு எது என்பதை அமைப்பின் வரைபடத்திலிருந்து அறிந்து, அதனோடு ஒப்பிடுதல் வேண்டும். மேல்நிலைத் தொட்டி இருக்கிறதே என்று எண்ணுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: பத்து மீட்டர் உயரத்து நீர் தரும் அழுத்தம் ஒரு கிலோ மட்டுமே. பதினைந்து மீட்டர் உயரத் தொட்டி ஒன்றரைக் கிலோதான் தரும். பம்பு ஓடியே ஆக வேண்டும்.

வால்வை எப்போதும் மெல்லத் திறந்து மெல்ல மூடுதல் வேண்டும். ஓடும் நீரைத் திடீரென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுவதும் குழாயின் மேல் சம்மட்டி அடிபோல் விழுந்து இணைப்புகளை உடைத்துவிடும். பிராஞ்சு பைப்பை இருவர் பிடித்தல் வேண்டும். 20 மில்லிமீட்டர் நாசிலில் 3.5 கிலோ அழுத்தத்தோடு நீர் வெளியேறுங்கால் பிடிப்பவரை ஏறக்குறைய 22 கிலோ விசையோடு பின்னுக்குத் தள்ளும். மின்கம்பிகள், டிரான்ஸ்பார்மர், பொதிகள் இருக்கும் திசையில் நீரைப் பாய்ச்சுதல் கூடாது.

குறையைக் கண்டுபிடித்தல்

நாம் பார்வையிட்ட ஓர் ஆலையில் கடைசி ஹைட்ரண்டில் நின்ற நீரின் அழுத்தம் 5 கிலோ இருந்தது. திறந்தவுடன் அரை நிமிடம் செந்நீர் விசையோடு வந்தது. பின்னர் நாசிலிலிருந்து நீர் பத்தடி தூரம்கூடப் பாயவில்லை. பம்பு பழுது என்றே முதலில் அங்கிருந்தோர் கருதினர். ஆனால் பம்புக்கு அருகில் உள்ள ஹைட்ரண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தபோது நான்காவது வரை நீர் நன்றாக வந்தது, ஐந்தாவதிலிருந்து வரவில்லை. எனவே குறை நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் இருத்தல் வேண்டும். அங்கே மண் மூடிப்போயிருந்த தொட்டி ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோது, அதனுள் இருந்த வால்வு முக்கால் பங்கு மூடியிருந்தது. முன்னொரு காலத்தில் குழாயைப் பழுது பார்த்தவர்கள் அதனை மூடியிருக்கின்றனர். மீண்டும் முழுவதும் திறக்கவில்லை. அதன் மேல் மண் விழுந்தது; புல்லும் முளைத்தது. செலவு ஏதுமின்றி, சக்கரத்தைச் சில சுற்றுகள் திருப்பியதும் நீர் வந்தது. பஞ்சுக் கிடங்கு இருந்ததோ அந்த ஐந்தாவது ஹைட்ரண்டுக்கு அப்பால்.

இதிலிருந்து இரு விதிகள் பெறப்படுகின்றன. ஒன்று, பம்பிலிருந்து தொடங்கி வரிசையாகத் திறந்து சென்றால் குறை எந்த இரண்டு ஹைட்ரண்டுகளுக்கு இடையில் உள்ளது என்பது தெரியும். எல்லாவற்றிலும் அழுத்தம் குறைவாக இருந்தால் பம்பையும், அதன் புட்வால்வையும், உறிஞ்சு குழாயின் சல்லடையையும் பார்த்தல் வேண்டும். மற்றொன்று, பூமிக்கடியில் உள்ள ஒவ்வொரு வால்வையும் ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மூடித் திறந்து, அதற்கு எத்தனை சுற்று என்று எழுதி வைத்து, திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டுதல் வேண்டும். அடுத்த ஆண்டு சுற்றுகள் குறைந்தால், வால்வு முழுவதும் திறக்கவில்லை என்பது விளங்கும்.

நீர் வீணாகுமே எனின்

நீர்ப் பஞ்சம் உள்ள ஊர்களில் இவ்வாறு நீரை ஓடவிடுவது தகுமா என்று கேட்பது நியாயமே. கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு ஹைட்ரண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், நிமிடத்திற்கு 500 லிட்டர் எனில் மொத்தம் 8,000 லிட்டர். ஓராண்டுக்கு ஒரு முறை செலவாகும் நீர் இவ்வளவே. அதையும் தென்னைக்கோ வயலின் வாய்க்காலுக்கோ திருப்பிவிடலாம். தொட்டிக்கு அருகில் உள்ள ஹைட்ரண்டின் நீரைத் தெளிந்த பிறகு தொட்டிக்கே திருப்பலாம். மழைக்காலத்தின் முடிவில், தொட்டி நிறைந்திருக்கும் சமயத்தில், கோடைக்கு முன்பாக இச்சோதனையை வைத்துக்கொள்வது சிறப்பு.

பதிவேடு

சோதித்ததை எழுதி வைக்காவிடில் சோதித்ததன் பயன் பாதி போய்விடும். தனிப் பதிவேடு ஒன்றில் தேதி, ஹைட்ரண்டின் எண், நின்ற நீரின் அழுத்தம், ஓடும் நீரின் அழுத்தம், நீர் தெளிய ஆன நேரம், பம்பு தொடங்கிய நேரம், கண்ட குறை, குறை நீக்கிய தேதி, பொறுப்பாளர் கையொப்பம் ஆகிய பத்திகள் இருத்தல் வேண்டும். சென்ற ஆண்டு கடைசி ஹைட்ரண்டில் 4.1 கிலோ இருந்து, இவ்வாண்டு 3.6 என்றால், அது விதித்த அளவுக்குக் குறையவில்லை எனினும் ஏதோ கெட்டுவருகிறது என்று அறியலாம். ஒரே ஆண்டின் எண் இதைச் சொல்லாது. இரண்டு ஆண்டுகளின் எண்களே சொல்லும். விபத்து நேர்ந்து காப்புறுதித் தொகை கோரும்போதும் இப்பதிவேடு சங்கத்திற்குச் சாட்சியாக நிற்கும்.

ஹைட்ரண்ட் இல்லாத சிறு சங்கங்கள்

தொடக்க நெசவாளர் சங்கங்கள் பலவற்றில் நூல் இருப்பு அறையும் துணி இருப்பு அறையும் மட்டுமே இருக்கும், ஹைட்ரண்ட் இராது. அவையும் இதே நெறியைப் பின்பற்றலாம். அருகில் உள்ள கிணறு அல்லது தொட்டியில் நீர் எவ்வளவு, தீயணைப்பு வண்டி அதன் அருகே வர வழி உண்டா, மணல் வாளிகளில் மணல் இருக்கிறதா, தீயணைப்புக் கருவியின் காலம் கடந்துவிட்டதா என்பவற்றை மாதம் ஒரு முறை பார்த்து எழுதி வைத்தல் வேண்டும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுதல் எவ்வாறு பயனற்றதோ, வெட்டிய கிணற்றில் நீர் இருக்கிறதா என்று அப்போது எட்டிப் பார்ப்பதும் அவ்வாறே பயனற்றது.

அங்கத்தினர் செய்யக்கூடியது

பரிசோதனையைச் செய்வது ஆலையின் ஊழியர்கள். செய்யப் பணிப்பது நிர்வாகக் குழு. ஆனால் அது நடைபெற்றதா என்று கேட்கும் உரிமையும் கடமையும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. பொதுப் பேரவையில் இலாப நட்டக் கணக்கைப் பற்றி வினா எழுப்புவோர் பலர். கூலியைப் பற்றியும் பஞ்சு விலையைப் பற்றியும் கேட்போர் பலர். அவற்றோடு இன்னும் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்: "கடைசி ஹைட்ரண்டில் ஓடும் நீரின் அழுத்தம் எவ்வளவு? எந்தத் தேதியில் பார்த்தீர்கள்?"

இதற்கு ஓர் எண்ணும் ஒரு தேதியும் விடையாக வந்தால் அந்த ஆலை விழிப்போடு இருக்கிறது என்று நம்பலாம். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பது மட்டுமே விடையாக வருமாயின், அடுத்த வாரமே ஒரு நாள் குறித்துக் கடைசி ஹைட்ரண்டைத் திறந்து பார்க்கும்படி அப்பேரவையிலேயே தீர்மானம் நிறைவேற்றுதல் நலம்.